118.7-இல் புகுந்த பாட்டு

நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிகளோடு பேசும் அலைவரிசை 118.7 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் குயின்ஸ் பகுதியில் ஒரு மொட்டைமாடியில் நின்றால், தரையிறங்கத் தாழ்ந்து வரும் விமானத்தின் சக்கரங்களைக் கண்ணால் பார்க்கலாம். கையில் ஒரு ரேடியோ ஸ்கேனர் இருந்தால், அந்த விமானி கோபுரத்தோடு பேசுவதைக் காதாலும் கேட்கலாம். ஆனால் ஸ்கேனர் மலிவானதாக இருந்தால், 118.7-இல் வந்து நிற்கும்போது விமானியின் குரலுக்குப் பதிலாகக் கிழிந்துபோன ஒரு பாட்டு கேட்கக்கூடும். தாளம் புரியும், சொல் புரியாது. நடுநடுவே விளம்பரக் குரல் போல ஏதோ ஒன்று கரகரக்கும்.

118.7-இல் யாரும் பாட்டு ஒலிபரப்பவில்லை. அது விமானப் போக்குவரத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். அப்படியானால் பாட்டு எங்கிருந்து வருகிறது?

ஸ்கேனர் வைத்திருப்பவர் முதலில் ஆன்டெனாவைத்தான் சந்தேகிப்பார். குட்டி ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மாடியில் நீளமாக ஒன்றை நட்டுவைப்பார். போதவில்லை என்றால் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டரையும் வாங்கி மாட்டுவார். பாட்டு இன்னும் பலமாகக் கேட்கும். விமானி அடியோடு காணாமல் போவார். சரியாகக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவது மனித இயல்பு. இங்கே அந்த இயல்புதான் ஆளைத் தவறான திசைக்குக் கொண்டுபோகிறது.

ஸ்கேனர் சாதாரண ரேடியோவைப் போல ஒரு நிலையத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். பேச்சு தட்டுப்பட்ட இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடும். விமானம், தீயணைப்பு, போலீஸ், வானிலை என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருப்பதால் அதன் வாசல் மிக அகலமாகத் திறந்திருக்கிறது. எஃப்.எம். ரேடியோவுக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வாசல் இருந்தால் போதும். பல ஸ்கேனர்கள் 25-இல் தொடங்கி 1300 வரை போகின்றன. அகலமான வாசல் வழியே அழையாதவர்களும் உள்ளே வருவார்கள்.

நியூயார்க்கில் அந்த அழையா விருந்தாளிகள் பெரும்பாலும் ஒரே கட்டடத்திலிருந்து வருகிறார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து நகரின் முக்கிய எஃப்.எம். நிலையங்கள் பலவும் ஒலிபரப்பாகின்றன. ஒவ்வொன்றின் சக்தியும் சில கிலோவாட். குயின்ஸ் மாடியிலிருந்து பார்த்தால் அந்த உச்சி நேர்ப்பார்வையில் தெரியும். விமானியின் ரேடியோவோ 25 வாட் அளவுதான். அதுவும் பல நேரம் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது.

இதே கட்டடத்துக்கும் ரேடியோ இரைச்சலுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், இடி மின்னலின் கரகரப்பை ரேடியோவிலிருந்து ஒழித்தே தீருவது என்று பல ஆண்டுகள் போராடியவர். அலையின் உயரத்தை மாற்றுவதற்குப் பதிலாக அதன் அதிர்வெண்ணை மாற்றினால் இரைச்சல் ஒட்டாது என்று கண்டார்; அதுதான் எஃப்.எம். 1933 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1934 ஜூனில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85-ஆவது மாடியில் டிரான்ஸ்மிட்டரை வைத்து, சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி லாங் ஐலண்டில் ரிசீவரை வைத்துச் சோதித்தார். பழைய முறையில் கரகரப்பில் மூழ்கிய நிகழ்ச்சி, எஃப்.எம்.மில் துடைத்துவிட்டதுபோல் தெளிவாகக் கேட்டது. இரைச்சலை விரட்டுவதற்காக அந்தக் கட்டடத்தில் சோதிக்கப்பட்ட அதே எஃப்.எம்.தான் இன்று அங்கிருந்தே கிளம்பி ஸ்கேனருக்குள் இரைச்சலாக நுழைகிறது. ஆர்ம்ஸ்ட்ராங்மீது இதில் ஒரு குற்றமும் இல்லை. 1945-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்.எம்.மை அதன் பழைய இடத்திலிருந்து 88–108-க்குக் குடிபெயர்த்தது; அதனால் விமான அலைவரிசைகள் அதற்கு அண்டை வீடாகிவிட்டன.

இனிக் கிழிந்த பாட்டுக்கு வருவோம். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் பாட்டு பெரிதாவதில்லை, பிளிறத் தொடங்குகிறது. பாடகர் பாடாத ஒலிகள், நாதஸ்வரக்காரர் ஊதாத ஒலிகள் எல்லாம் அதிலிருந்து கிளம்பும். ஸ்பீக்கர் தன் எல்லையைத் தாண்டியதும், உள்ளே போன ஒலிகளைக் கலந்து புது ஒலிகளைத் தானே உற்பத்தி செய்கிறது. ஸ்கேனரின் முதல் பெருக்கிக்கும் அதே கதிதான். இரண்டு பலத்த நிலையங்கள் ஒன்றாக உள்ளே வந்து அதைத் திணறடித்தால், மூன்றாவதாக ஒரு நிலையம் கருவிக்குள்ளேயே பிறக்கிறது. அது நிற்கும் இடத்தைக் கூட்டல் கழித்தலிலேயே கண்டுபிடிக்கலாம்: ஒரு நிலையத்தின் அலைவரிசையை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும்.

நியூயார்க்கில் 107.5-இல் ஒரு நிலையம் உண்டு, 96.3-இல் இன்னொன்று. 107.5-ஐ இரண்டால் பெருக்கினால் 215. அதில் 96.3 போனால் 118.7.

லகார்டியா கோபுரத்தின் அதே எண்.

தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் 106.7-ஐயும் 94.7-ஐயும் எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் மறுபடியும் 118.7. 105.9-ஐயும் 93.1-ஐயும் எடுத்தாலும் 118.7. காரணம் எளிது. நகரின் பெரிய நிலையங்கள் 92.3, 93.1, 93.9, 94.7 என்று தொடங்கி 107.5 வரை 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பற்களைப்போல வரிசையாக நிற்கின்றன. ஒன்றை ஒன்று மிதிக்காமலிருக்க அமைந்த ஒழுங்கு அது. அந்த ஒழுங்கினாலேயே அவை கலந்து உண்டாகும் பேய் நிலையங்களும் அதே 0.8 இடைவெளியில், அதே சீப்பின் நீட்சியாக, விமான அலைவரிசைக்குள் போய் நிற்கின்றன; பல ஜோடிகள் ஒரே புள்ளியில் குவிகின்றன. கென்னடி விமான நிலையக் கோபுரத்தின் 119.1 இந்தச் சீப்பின் இரண்டு பற்களுக்குச் சரியாக நடுவில் விழுகிறது. குயின்ஸ் மாடியில் கென்னடி கேட்டு, பக்கத்திலேயே இருக்கும் லகார்டியா கேட்காமல் போனால் அதற்கு இந்த அரை இடைவெளியே காரணமாக இருக்கலாம்.

பாட்டு கிழிந்து கேட்பதற்கும் விளக்கம் உண்டு. விமானப் பேச்சு, அலையின் உயரத்தை மாற்றும் ஏ.எம். முறையில் நடக்கிறது, அதற்கான தடம் 25 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். கலந்து பிறந்த எஃப்.எம். பேய் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஒடுங்கிய சன்னலைக் கடக்கும் கணங்களில் மட்டும் அதன் துண்டுகள் காதில் விழுகின்றன.

இந்தப் பேய்க்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதை நீக்கும் வழி முழுக்க அந்தப் பலவீனத்தில்தான் நிற்கிறது. உண்மையான நிலையத்தின் சிக்னலை 10 டெசிபல் குறைத்தால், அது 10 டெசிபல்தான் குறையும். அதாவது பத்தில் ஒரு பங்காகும். மேலே சொன்ன கலப்புப் பேயோ 30 டெசிபல் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அது பிறக்க ஒரு நிலையத்தின் பலம் இரண்டு முறையும் மற்றதன் பலம் ஒரு முறையும் தேவைப்படுவதால், குறைப்பும் மூன்று மடங்காக அதன் தலையில் விழுகிறது. நல்ல ஸ்கேனர்களில் சிக்னலைக் குறைப்பதற்கென்றே அட்டெனுவேட்டர் என்ற பொத்தான் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. ‘காசு கொடுத்து வாங்கிய சிக்னலை ஏன் குறைக்க வேண்டும்?’ என்று தோன்றும். அந்தப் பொத்தானை அழுத்தியதும் பாட்டு மறைந்து, மெலிதாகவேனும் விமானியின் குரல் எழுந்தால், குற்றவாளி வெளியே இல்லை, கருவிக்குள்ளேயே பிறக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். ரேடியோவில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான சோதனை வேறு இல்லை.

ஆனால் அட்டெனுவேட்டர் நல்லவர் கெட்டவர் பார்க்காது. விமானியையும் சேர்த்தே அமுக்கும். எஃப்.எம்.மை மட்டும் வாசலிலேயே தடுத்து நிறுத்த வடிகட்டி வேண்டும். கடையில் கிடைக்கிறது. கையாலும் செய்யலாம், செய்து பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

டி.வி.க்கு இழுக்கும் கோஆக்சியல் கேபிளில் ஒரு துண்டு போதும். ஆன்டெனாவிலிருந்து ஸ்கேனருக்கு வரும் கேபிளில் ‘டி’ வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி, அதன் மூன்றாவது கிளையில் இந்தத் துண்டைத் தொங்கவிட வேண்டும். துண்டின் மறுமுனை எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். சூட்சுமம் நீளத்தில் இருக்கிறது. 98 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.06 மீட்டர், அதில் கால் பங்கு 76.5 சென்டிமீட்டர். கேபிளுக்குள் இருக்கும் கெட்டி பிளாஸ்டிக்கில் அலை ஒளியின் வேகத்தில் 66 சதவீதத்தில்தான் நகரும் என்பதால் வேண்டிய நீளம் 50.5 சென்டிமீட்டர். உள்ளே நுரை பிளாஸ்டிக் வைத்த கேபிள் என்றால் 63-ஐ ஒட்டி வரும். இந்தக் கிளைக்குள் போகும் 98 மெகாஹெர்ட்ஸ் அலை மொட்டை முனையில் முட்டித் திரும்புகிறது. போக கால் அலை, வர கால் அலை; ஆக அரை அலை தாமதம். வாசலுக்கு அது திரும்பும்போது, புதிதாக வரும் அலை மேட்டில் இருந்தால் இது பள்ளத்தில் இருக்கும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

அனுபவசாலிகள் 50.5 என்று அளந்து வெட்டமாட்டார்கள். 53 வைத்து வெட்டுவார்கள். ஸ்கேனரில் பாட்டைக் கேட்டுக்கொண்டே, கட்டிங் பிளேயரால் முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டராக நறுக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு நறுக்கிலும் கேபிளின் வெளிப்பின்னலின் செம்பு மயிரிழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுவிடாமல் நகத்தால் ஒதுக்க வேண்டும். தொட்டால் எல்லாமே அமுங்கிவிடும். நறுக்க நறுக்கப் பாட்டு தேய்ந்துகொண்டே போகும். கணக்குப்படி, 98-க்கு வெட்டிய துண்டு 96.3-ஐச் சுமார் 25 டெசிபலும் 107.5-ஐ 11 டெசிபலும் குறைக்கும். பேய்க்கு அந்தப் பதினொன்று இரண்டு தடவை விழுவதால், அது 47 டெசிபல் இறங்குகிறது. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. விமானியின் 118.7-க்கு வரும் இழப்பு 5 டெசிபல்தான். அரை மீட்டர் கேபிள் செய்யும் வேலை இது.

வெளி நிலையங்களால் கருவிக்குள் உண்டாகும் தொல்லையில் இன்னொரு வகை பிம்ப அலை. இன்றைய ரேடியோக்களின் அடிப்படை அமைப்பையும் 1918-இல் வகுத்தவர் அதே ஆர்ம்ஸ்ட்ராங்தான். வரும் அலையோடு கருவி தானே உண்டாக்கும் ஓர் அலையைக் கலந்து, பெரும்பாலும் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்ற நிலையான இடத்துக்குக் கொண்டுவருவது அந்த முறை. அதே 10.7-ஐ வேறோர் அலையும் எதிர்ப்பக்கத்திலிருந்து தரமுடியும், அது 21.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். சாதாரண எஃப்.எம். ரேடியோவை 97.3-இல் வைத்தால், தலைக்குமேல் போகும் விமானத்தின் 118.7 அதில் கேட்கக்கூடும். விமானத்தில் எஃப்.எம். ரேடியோவை இயக்கக்கூடாது என்று 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் தடை வந்ததற்கும் வேர் இங்கேதான். ரேடியோ தானே உண்டாக்கும் அந்த அலை, விமானங்களுக்கு வழிகாட்டும் 108–118 பகுதிக்குள் போய் விழுந்தது.

வடிகட்டி வைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால், வீட்டுக்குள் தேட வேண்டும். ஸ்கேனரைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் அது பிறப்பது வீட்டுக்குள்ளேதான். பிறகு ஒவ்வோர் அறைக்கும் மின்சாரத்தைத் திருப்பித் தந்துகொண்டே வந்தால் ஆள் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் ஒரு போன் சார்ஜரோ எல்.இ.டி. பல்போ. இவற்றுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் குறைந்த வோல்டேஜாக மாற்றுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி மின்னல். நல்ல சார்ஜரில் அதை அடக்கும் பாகங்கள் இருக்கும். மலிவானதில் அவற்றைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள்.

லேப்டாப் சார்ஜர் வயரின் நுனியில் ஒரு கொழுக்கட்டை மாதிரி புடைத்திருக்கும் உருளையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்குள் ஃபெரைட் என்ற கருத்த மட்பாண்டப் பொருள் வளையமாக இருக்கிறது. வயரின் வழியே ஏறிவந்து அதையே ஆன்டெனாவாக்கிக்கொள்ள நினைக்கும் இரைச்சலை அது வெப்பமாக்கித் தின்றுவிடும், மின்சாரத்தைத் தொடாது. தனியாகவும் விற்கிறார்கள். வளையத்துக்குள் வயரை ஒருமுறை நுழைப்பதற்கும் மூன்று சுற்று சுற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. மாட்ட வேண்டியது ஸ்கேனரில் மட்டுமில்லை. இரைச்சல் புறப்படும் கருவியின் வயரில், அதன் உடம்பை ஒட்டி.

வீட்டுக்குள்ளும் இல்லை என்றால் தெருவுக்குத்தான் இறங்க வேண்டும். அந்தத் தேடலில் வேல்ஸின் அபர்ஹோசன் கிராமத்துக்குத் தனி இடமுண்டு. அங்கே 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு இணையம் தடுமாறியது. தொலைபேசி நிறுவனம் கேபிள்களையே மாற்றிப் பார்த்தது, பலனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு விடியலில் ஊரைச் சுற்றி நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு இரைச்சல் வெடித்தது. அதன் தடம் பிடித்துப் போனால் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் எழுந்ததும் போடும் பழைய டி.வி. பெட்டிதான் காரணம். 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. டி.வி.யை இனிப் போடுவதில்லை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். ஊருக்கு இணையம் திரும்பியது.

ஆன்டெனாவை அடியோடு கழற்றியும் ஸ்கேனர் ஓர் எண்ணில் நின்றுகொண்டே இருந்தால், அது கருவியின் சொந்தக் குரல். உள்ளே துடிக்கும் கடிகாரப் படிகத்தின் மடங்குகள் அப்படிக் கேட்கும். டி.வி. பார்ப்பதற்காக விற்கப்பட்டு, 2012 முதல் உலகின் மிக மலிவான ஸ்கேனராக மாறிப்போன யு.எஸ்.பி. ரிசீவர்களில் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் ஐந்து மடங்கு 144.0, அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பட்டை தொடங்கும் இடம். அங்கே தெரியும் கோட்டை யாரும் துரத்த வேண்டியதில்லை. அந்த எண்ணைத் தாண்டிப் போகும்படி கருவியிடம் சொல்லிவிட்டால் போதும்.

எந்த வடிகட்டியாலும் தீராத வழக்கும் உண்டு. அமெரிக்காவில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் போலீஸ், தீயணைப்புத் துறைகளின் தடங்களும் நெக்ஸ்டெல் என்ற செல்போன் நிறுவனத்தின் தடங்களும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. போலீஸுக்கு எங்கோ தொலைவில் ஓர் உயரக் கோபுரம்; நெக்ஸ்டெலுக்கோ தெருவுக்குத் தெரு தாழ்ந்த கோபுரங்கள். அவற்றில் ஒன்றின் அடியில் போய் நின்ற போலீஸ்காரரின் ரேடியோ, லகார்டியா பக்கத்து ஸ்கேனரைப்போலவே திணறி ஊமையானது. வேண்டியதும் வேண்டாததும் கை கோத்து நிற்கும்போது எதை வடிகட்டுவது? ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடும் ரேடியோ ஊமையாவது பொழுதுபோக்குக்காரரின் ஏமாற்றத்தைப் போன்றதல்ல; உயிர் சம்பந்தப்பட்டது. 2004-இல் தொலைத்தொடர்பு ஆணையம் இரு தரப்பையும் பிரித்துத் தனித்தனிக் குடியிருப்புகளில் வைக்க ஆணையிட்டது. நெக்ஸ்டெலுக்கு ஈடாக 1.9 கிகாஹெர்ட்ஸ் அருகே 10 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. நாடெங்கும் ரேடியோக்களை ஒவ்வொன்றாகப் புது எண்ணுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூன்று ஆண்டில் முடிப்பதாகத் திட்டமிட்ட அந்த வேலை 2021-இல்தான் முற்றுப்பெற்றது.

இன்றைய அமெரிக்க நகரங்களில் ஸ்கேனர்காரர்களைத் தவிக்கவைக்கும் ஒன்று இன்னும் விநோதமானது: வேண்டிய சிக்னலே தனக்கு இடைஞ்சலாவது. போலீஸின் டிஜிட்டல் ரேடியோ ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் பல கோபுரங்களிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்புகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகும். ஒரு கோபுரம் இன்னொன்றைவிட 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதன் அலை 67 மைக்ரோவினாடி பிந்தி வரும். ஒரு டிஜிட்டல் குறிக்கு ஒதுக்கிய நேரமே 208 மைக்ரோவினாடிதான். மூன்றில் ஒரு பங்கு பிந்திய எதிரொலி அதன்மேல் ஏறி விழுகிறது. ஸ்கேனரின் திரையில் சிக்னல் கட்டங்கள் முழுசாக எரியும். ஸ்பீக்கரில் குரல் உடைந்து உடைந்து விக்கும். இதற்கென்றே புது உட்கட்டமைப்போடு யூனிடன் நிறுவனம் 2018-இல் எஸ்.டி.எஸ். 100 என்ற ஸ்கேனரைக் கொண்டுவந்தது. அவ்வளவு விலை கொடுக்க முடியாதவர்கள் வேறு வழி கண்டார்கள். மாடியிலிருந்த பெரிய ஆன்டெனாவை இறக்கிவிட்டு, ஒரே திசையை மட்டும் கேட்கும் சிறிய யாகி ஆன்டெனாவை ஒரு கோபுரத்தின் பக்கம் திருப்பினார்கள். அதுவும் இல்லாதவர்கள் ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார்கள். 800 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மேசையின் இந்த மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, புத்தக அலமாரியின் பின்பக்கம் வைத்ததும் தூரத்துக் கோபுரங்கள் அமுங்கி, பக்கத்துக் கோபுரம் மட்டும் மிஞ்சியது. சிக்னல் கட்டங்கள் ஐந்திலிருந்து இரண்டாக இறங்கின. குரல் விக்காமல் வந்தது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஸ்கேனரை அங்கேயே நிறுத்தினார்கள்.